கலைக்கச் சொன்னோம், தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை

பத்துப் பாடகர்கள், ஆளுக்குப் பத்துப் பாடல்கள் என்று நூறு பாடல்கள் கொண்ட ஒரு பட்டியல். அதை எந்தச் சாய்வும் இல்லாமல், எல்லா வரிசைகளுக்கும் சமவாய்ப்புக் கொடுத்து, கணிதம் கேட்கிற அத்தனை சுத்தத்தோடும் கலைக்கிறோம். அடுத்தடுத்து ஒரே பாடகர் வருகிற இடங்கள் சராசரியாக எத்தனை இருக்கும்? பலரும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பார்கள். விடை ஒன்பது. எந்தப் பாடலை எடுத்தாலும் மீதமுள்ள 99-ல் ஒன்பது பாடல்கள் அதே பாடகருடையவை. ஆகவே அடுத்ததும் அவரே என்பதற்கு 11-ல் ஒரு வாய்ப்பு. அடுத்தடுத்த ஜோடிகள் மொத்தம் 99. வகுத்துப் பார்த்தால் ஒன்பது வந்து நிற்கிறது.

இசைச் செயலிகளில் பாடல் வரிசையைக் கலைத்து இசைக்கும் ஷஃபிள் பட்டனைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இந்த ஒன்பதில்தான் தொடங்குகிறது. கேட்பவர், ‘இது கலைக்கவே இல்லை, ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் போடுகிறது’ என்கிறார். பொறியாளர், ‘சமவாய்ப்பு என்றால் அப்படித்தான், உங்களுக்கு நிகழ்தகவு புரியவில்லை’ என்கிறார். பொறியாளர் சொல்வது உண்மை. ஆனால் அது பதில் ஆகாது. பட்டனை அழுத்தியவர் புள்ளியியல் வகுப்புக்கு வரவில்லை. அடுத்து என்ன என்று தெரியக் கூடாது, எல்லாப் பாடல்களும் ஒருமுறை வந்து சேர வேண்டும், வந்ததே வந்து சலிப்பூட்டக் கூடாது. அவர் கேட்டது இவ்வளவுதான். இதைக் கொடுக்கச் சமவாய்ப்பு ஒரு கருவி மட்டுமே. அதோடு ஞாபகமும், சொன்னதை மட்டும் செய்யும் நாணயமும் வேண்டும். செயலிகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். பட்டியலைக் கலைக்க மிகச் சோம்பேறித்தனமான வழி, ஒவ்வொரு பாடல் முடிந்ததும் நூறில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுப்பது. அப்படிச் செய்தால், 13-வது பாடலுக்குள் ஏற்கெனவே கேட்ட ஒன்று மீண்டும் வருவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். நூறு பாடல்கள் ஓடி முடிகிறபோது சுமார் 37 பாடல்கள் ஒருமுறைகூட ஒலித்திருக்காது. எனவே முழுப் பட்டியலுக்கும் ஒரு புதிய வரிசையை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, அதன்படி ஒவ்வொன்றாக இசைப்பதுதான் முறை.

அந்த வரிசையை அமைக்கும் வழி மின்னணுக் கணினிக்கு முந்தையது. 1938-ல் ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் இருவர், தாளும் பென்சிலும் கொண்டு செய்யத்தக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். 1964-ல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கேற்பத் திருத்தினார். கணினி அறிஞர் டொனால்ட் கனூத் தம் நூலில் சேர்த்த பிறகு அது நிரலாளர்களின் பாலபாடமாகிவிட்டது. செய்முறை இதுதான்: கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் முடிவாகாத இடங்களில் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்து, அங்கே இருக்கும் பாடலையும் கடைசி இடத்துப் பாடலையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். கடைசி இடம் முடிவாகிவிட்டது. இனி அதைத் தொடக் கூடாது. பிறகு அதற்கு முந்தைய இடம், அதற்கும் முந்தையது என்று முன்னால் வர வேண்டும். நூறு பாடல்களுக்கு 99 முறை செய்தால் போதும்.

‘இன்னும் முடிவாகாத இடங்கள்’ என்ற சொற்களில்தான் சூட்சுமம். அதை மறந்து, ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்தும் ஓர் இடத்தைத் தேர்ந்தால் சாய்வு நுழைந்துவிடும். மூன்று பாடல்களை வைத்தே இதைக் காட்டலாம். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாய்ப்பு என்றால் மொத்தம் 27 வழிகள். மூன்று பாடல்களை அடுக்கக்கூடிய வரிசைகளோ ஆறு. 27 ஆறால் வகுபடாது. ஆகவே சில வரிசைகளுக்கு ஐந்து வழிகளும் சிலவற்றுக்கு நான்கும் போய்ச் சேரும். பார்க்கச் சரியாகவே இருக்கும். எண்ணிப் பார்த்தால்தான் பிழை தெரியும்.

இத்தகைய பிழை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2010-ல் விண்டோஸ் பயனர்கள் தங்களுக்கு வேண்டிய இணைய உலாவியைத் தேர்ந்தெடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு திரையைக் காட்டியது. முன்னணி உலாவிகள் ஐந்தும் அதில் சமவாய்ப்பு வரிசையில் வர வேண்டும். ஆனால் அந்தத் திரையை மைக்ரோசாஃப்டின் சொந்த உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால், அதே எக்ஸ்புளோரர் ஏறத்தாழப் பாதி நேரம் கடைசி இடத்தில் வந்தது. வர வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு. காரணம் சதி அல்ல. கலைப்பதற்கென்று இருக்கும் முறையை விட்டுவிட்டு, அகரவரிசைப்படுத்தப் பயன்படும் கட்டளை ‘இந்த இரண்டில் எது முன்?’ என்று ஒப்பிட்டுக் கேட்கும் ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் ஒரு விடை சொல்லிக் கலைக்கப் பார்த்திருந்தார்கள்.

கணினி தரும் சமவாய்ப்பு எண்ணே போலிதானே என்று ஒரு கேள்வி எப்போதும் எழும். போலிதான். ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வரும் எண்வரிசை அது. தொடக்க எண் 32 பிட் (32 இரும இலக்கங்கள்) நீளமானால் சுமார் 429 கோடி வரிசைகளுக்கு மேல் பிறக்க வழியில்லை. வெறும் 13 பாடல்களையே 622 கோடி வகையில் அடுக்கலாம். சூதாட்டத் தளத்தில் இது ஆபத்து. பாட்டுக் கேட்பவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. 429 கோடி வரிசைகளைக் கேட்டு முடிக்க யாருக்கும் ஆயுள் போதாது.

ஆக, கருவி சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகும் ஏன் பட்டியல் கலைந்ததாகத் தோன்றுவதில்லை? மனிதக் கண்ணும் காதும் கொத்துக் கொத்தாக விழுவதைக் கண்டால் பின்னால் யாரோ ஒருவரின் கை இருப்பதாக உடனே சந்தேகிக்கும். 1944-ல் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, சில வட்டாரங்களைக் குறிவைத்துத் தாக்குகிறார்கள் என்ற நம்பிக்கை பரவியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிப்பாளர் 1946-ல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். தெற்கு லண்டனை ஒவ்வொன்றும் கால் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள 576 கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் கட்டவாரியாக எண்ணினார். ஒன்றுகூட விழாத கட்டங்கள் 229. குறியே இல்லாமல் விழுந்திருந்தால் 227 இருக்க வேண்டும் என்றது கணக்கு. மூன்று குண்டுகள் விழுந்தவை 35. கணக்கு சொன்னது 31. அதாவது, சமவாய்ப்பு என்பது சீராகப் பரவிக் கிடப்பது அல்ல. திட்டும் இடைவெளியுமாகக் கிடப்பதுதான் அதன் இயல்பு.

இசை நிறுவனங்கள் இதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. 2005 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் 5 மென்பொருளில் ஒரு நகர்த்தியை (ஸ்லைடர்) வைத்தது. ஒரே கலைஞரோ ஒரே ஆல்பமோ அடுத்தடுத்து வருவதைக் குறைக்கவும் கூட்டவும் அதில் வழி இருந்தது. கலைத்தது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சமவாய்ப்பைக் குறைக்கிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது வெளிப்படையாகவே விளக்கினார். 2014-ல் ஸ்பாட்டிஃபை பொறியாளர்கள் தங்கள் முறையை எழுதி வெளியிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மட்டும் வைத்துச் சாம்பல் நிறத்தைக் காட்டும்போது, புள்ளிகள் ஓரிடத்தில் குவியாமல் பரப்பும் அச்சுத்துறை உத்தி ஒன்று உண்டு. அதன் வழியில் யோசித்திருந்தார்கள்.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பட்டியலில் 20 பாடல்கள். ஒரு பாடகிக்கு அதில் நான்கு. அப்படியானால் ஐந்து இடத்துக்கு ஒருமுறை அவர் வர வேண்டும். முதல் பாடல் ஒன்று முதல் ஐந்துக்குள் எங்கே என்பதைச் சமவாய்ப்பு தீர்மானிக்கும். மூன்றாம் இடம் என்று வந்தால் மற்றவை 8, 13, 18 என்று அமையும். அப்படியே விட்டால் இயந்திரத்தனம் தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் முன்னோ பின்னோ சற்றுத் தள்ளிவிட வேண்டும். ஒரே ஒரு பாடல் உள்ளவர்களை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பாடகியின் நான்கு பாடல்களில் எது முதலில் என்பதைத் தனியே கலைக்க வேண்டும். இரண்டு ஒரே ஆல்பத்தில் வந்தவை என்றால் அவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். எல்லோருக்கும் இப்படி இடம் குறித்த பிறகு வரிசைப்படுத்தினால் பட்டியல் தயார்.

நல்ல முறைதான், ஆனால் மருந்து அளவு மீறக் கூடாது. பட்டியலில் பாதி ஒரே பாடகியுடையது என்றால் ஒன்றுவிட்டு ஒன்று அவர் குரல்தான் வரும். நாலு பாடல்களில் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். தவிர, ‘ஒரே கலைஞர்’ யார் என்பதைச் செயலி எங்கிருந்து அறியும்? பாடலோடு வரும் விவரத்திலிருந்து. திரைப்படப் பாடல்களில் கலைஞர் என்ற இடத்தில் ஒருமுறை இசையமைப்பாளர் பெயர், இன்னொரு முறை பாடகர் பெயர், சில சமயம் இருவரும் நடிகரும் சேர்ந்தே இருப்பார்கள். அந்தக் குப்பையைக் கூட்டாமல் எவ்வளவு நேர்த்தியான முறையை வைத்தாலும் ஒரே குரல் மூன்று முறை தொடர்ந்து வரும். செயலியோ மூன்று வெவ்வேறு கலைஞர்களைப் பரப்பி வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி ஞாபகத்துக்கு வருவோம். என் கணிப்பில் ‘அதே பாட்டுதான் வருகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதிக்கு இதுதான் வேர். யாரும் 500 பாடல்கள் கொண்ட பட்டியலை ஒரே மூச்சில் கேட்பதில்லை. ஒரு தடவைக்கு 20 பாடல்கள் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் பட்டனை அழுத்தினால் செயலி நேற்றைய வரிசையை வீசிவிட்டுப் புதிதாகக் கலைக்கிறது. 25 தடவை கேட்டால் 500 பாடல்கள் ஒலித்திருக்கும். பட்டியல் முழுவதும் ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டிய அளவு. நடப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட பாடல் ஒரு தடவையில் வராமல் போக 96 விழுக்காடு வாய்ப்பு. 25 தடவையும் வராமல் போக 0.96-ஐ 25 முறை பெருக்க வேண்டும். வருவது 0.36. அதாவது சுமார் 180 பாடல்கள் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அதே நேரம் ஏறத்தாழ 38 பாடல்கள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்துவிட்டன. ஒவ்வொரு கலைப்பும் தனித்தனியே குற்றமற்றது. சேர்த்துப் பார்த்தால் கேட்பவரின் புகார் நூற்றுக்கு நூறு நியாயமானது. அவர் நினைவில் 25 தடவையும் ஒன்றாகக் கிடக்கின்றன. செயலியின் நினைவில் ஒன்றுமே இல்லை.

தீர்வு கடினமானதல்ல. ஒரு பட்டியலை ஒருமுறை கலைத்தால் அந்த வரிசை கேட்பவரின் பயனர் கணக்கோடு சேர்ந்து சேமிக்கப்பட வேண்டும், அவர் கேட்கும் சாதனத்தோடு அல்ல. கைபேசியில் 20 பாடல்கள் கேட்டு நிறுத்தியவர் இரவு ஒலிபெருக்கியில் தொடங்கினால் 21-வது பாடல் வர வேண்டும். முழுச் சுற்று முடியும்வரை புதிதாகக் கலைக்கவே கூடாது. ‘இப்போதே வேறு வரிசை வேண்டும்’ என்பவருக்கு அதற்கென்று தனி வழி இருக்கட்டும். ஷஃபிளை அணைத்துப் போடுவது அந்த வழியாக இருக்கக் கூடாது, ஏனென்றால் கைதவறி அழுத்துகிறவர்களும் உண்டு. நடுவில் பட்டியலில் புதிய பாடலைச் சேர்த்தால், இன்னும் ஒலிக்காத பகுதியில் எங்கேனும் ஓரிடத்தில் அதைச் செருக வேண்டும். கடைசியில் ஒட்டினால் அது வர மாதக்கணக்காகும். எல்லாவற்றையும் மறுபடி கலைத்தால் கேட்டதெல்லாம் திரும்பி வரும். முந்தைய பாடலுக்குப் போகும் பட்டன், உண்மையில் சற்றுமுன் ஒலித்த பாடலுக்குத்தான் போக வேண்டும். எழுதி வைத்த வரிசையில் அதற்கு முன் இருப்பதற்கு அல்ல.

சுற்றும் சுற்றும் சேருகிற இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 20 பாடல் பட்டியல் ஒன்று முடிந்து தானாகவே மறுபடி கலைந்து தொடங்கினால், சற்றுமுன் கேட்ட கடைசி மூன்றில் ஒன்றாவது புதிய சுற்றின் முதல் மூன்றுக்குள் வந்துவிட 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கடைசிக் கால் பகுதியில் ஒலித்தவற்றைப் புதிய சுற்றின் முதல் கால் பகுதிக்குள் விடக் கூடாது என்ற ஒரு விதி போதும். இல்லையேல் நாலைந்து வரிசைகளைக் கலைத்து வைத்துக்கொண்டு, அண்மையில் கேட்டவை எதில் மிகவும் பின்னால் இருக்கின்றனவோ அதை எடுக்கலாம்.

தாண்டிவிட்ட பாடலை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்தச் சுற்றுக்கு அது கேட்ட பாடல், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அதற்கு உரிய இடம் குறையக் கூடாது. தாண்டியவருக்கு அந்த நேரத்தில் அது வேண்டாம் என்பதற்கு மேல் அந்தச் செய்கைக்குப் பொருள் கற்பிக்க முடியாது. பட்டியலில் இருந்து நீக்கும் வசதி கையிலேயே இருக்கிறது; பிடிக்கவில்லை என்றால் அவர் நீக்கிக்கொள்வார்.

இந்த இடத்தில்தான் நாணயத்தின் கேள்வி வருகிறது. பட்டியலை உருவாக்கியவர் எந்தப் பாடல்கள் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். ஷஃபிளுக்கு அவர் கொடுத்தது வரிசையை மாற்றும் அதிகாரம் மட்டும். எது அடிக்கடி வர வேண்டும், எது பின்னுக்குப் போக வேண்டும், வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து நுழைக்கலாம் என்பவை வேறு வேலை. அது பரிந்துரை. பரிந்துரையில் தவறில்லை, அதே பட்டனுக்குள் சொல்லாமல் குடியேறுவதில்தான் தவறு. 2023-ல் ஸ்பாட்டிஃபை ‘ஸ்மார்ட் ஷஃபிள்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள பாடல்களோடு செயலி பரிந்துரைப்பவையும் கலந்து வரும். வந்த விருந்தாளிகளுக்கு அடையாளக்குறியும் இடப்பட்டிருந்தது. குறி இட்டது சரி. பெயரை ஷஃபிள் என்று வைத்ததும், சாதாரண ஷஃபிளை அழுத்தும் அதே இடத்தில் அதையும் வைத்ததும் எனக்கு உடன்பாடில்லை.

நிறுவனங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், வரிசைக்கு விலை உண்டு. 1998-ல் வந்த அமெரிக்க டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், கேட்பவர் தாமே பாடலைத் தேர்ந்தெடுக்க முடியாத இணைய வானொலிகளுக்குச் சட்டப்படியான பொது உரிமம் பெறும் வழியைத் தருகிறது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று: எந்த மூன்று மணி நேரத்திலும் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்களுக்கு மேலோ, ஒரே கலைஞருடைய நான்கு பாடல்களுக்கு மேலோ ஒலிக்கக் கூடாது. நினைத்த பாடலை நினைத்த நேரத்தில் தரும் சேவை என்றால் இசை நிறுவனங்களோடு நேரடியாகப் பேரம் பேச வேண்டும். 2013 டிசம்பரில் ஸ்பாட்டிஃபை கைபேசியில் இலவசச் சேவையைத் தொடங்கியபோது, கட்டணம் செலுத்தாதவர்களுக்குக் கலைத்து இசைக்கும் வழியை மட்டுமே திறந்தது. கேட்பவரின் வசதிக்காகப் பிறந்த பட்டன் அன்று முதல் ஒரு தடுப்புக்கட்டையாகவும் வேலை பார்த்தது. தம் விருப்பத்தில் கலைக்கிறவரும் வேறு வழியில்லாமல் கலைத்துக் கேட்கிறவரும் ஒரே பட்டனைத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய எரிச்சல்கள் வேறு.

2021 நவம்பரில் பிரிட்டிஷ் பாடகி அடெல் தம் ‘30’ ஆல்பத்தை வெளியிட்டபோது எழுந்த பிரச்சினையும் இதோடு சேர்ந்ததே. பாடகர்கள் யோசித்து அடுக்கிய ஆல்பத்தின் முகப்பில், முதலில் கண்ணில் படுவது கலைக்கும் பட்டனாக இருக்கலாமா என்று அவர் கேட்டார். ஸ்பாட்டிஃபை அதை மாற்றியது. ஆல்பத்துக்கு வரிசைதான் இயல்புநிலை. கலைப்பது கேட்பவர் கேட்டால் மட்டும். ஆப்பிளின் பழைய கையடக்க இசைக்கருவியான ஐபாடில் கலைப்பதற்கே இரண்டு வகை இருந்தது: பாடல்களைக் கலை, அல்லது ஆல்பங்களைக் கலை. இரண்டாவதில் எந்த ஆல்பம் என்பது மட்டும் சமவாய்ப்பு. உள்ளே வரிசை குலையாது. நான்கு பகுதிகள் கொண்ட ஒரு சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்குப் பின்னால் யாரோ ஒருவரின் துள்ளல் பாட்டு வராமல் இருக்க அது ஒன்றே வழி. ஐடியூன்ஸில் ‘கலைக்கும்போது இதைத் தவிர்’ என்று ஒவ்வொரு கோப்புக்கும் குறிக்கவும் முடிந்தது. ஒலிப்புத்தக அத்தியாயங்களுக்கும் ஆல்பத்தின் நடுவே வரும் அரை நிமிட உரையாடல்களுக்கும் அது அருமருந்து. இவற்றைப் பல செயலிகள் ஏன் கைவிட்டன என்பது எனக்கு விளங்கவே இல்லை.

தம் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் 12 பாடல்களை வைத்து ஒரு புதிய பட்டியல் அமைத்துக்கொள்ளலாம். தானாகத் தொடரும் வசதியை அணைத்துவிட்டு, ஷஃபிளை அழுத்தி, ஆறு பாடல்களைக் குறித்துக்கொண்டு செயலியை மூட வேண்டும். மீண்டும் திறந்து, இன்னொரு பாடலைச் சேர்த்துத் தொடர்ந்தால், குறித்த ஆறும் வராமல் மிச்சமுள்ள ஆறும் புதியதும் வந்து சுற்று முடிய வேண்டும். குறித்ததில் ஒன்று முன்னால் வந்தால் அது மறதி. பட்டியலிலேயே இல்லாத ஒன்று நடுவில் வந்தால், ஷஃபிள் என்ற பெயரில் வேறொரு வசதி இயங்குகிறது; அதை அணைக்கும் இடம் அமைப்புகளில் எங்கேனும் ஓர் ஓரத்தில் இருக்கும்.